தப்பொலி தொடர்ந்த மலைகள் – 9: எந்தத் தோட்டத்து ரதி?

காமன் எரிந்த இரவுக்கு மறுநாள் கொழுந்து மலையில் கை வேலையில் இருக்கும், வாய் கூத்தில் இருக்கும். கண்ணில் தூக்கம் கட்டியிருக்கும். பனியில் விடிய விடிய உட்கார்ந்திருந்த உடம்பு வலிக்கும். ஆனாலும் நெரை பிடித்து இறங்கிய பெண்கள் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையில் முந்தின இரவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுவார்கள். ரதி கனவு சொன்ன இடம் எடுபட்டதா? மன்மதன் விடைபெற்றுப் போகும்போது தப்பு ஏன் தளர்ந்தது? வீரபத்திரன் வந்த வேகத்தில் பிள்ளைகள் சிதறி ஓடியது இந்த வருடமா, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் ஆடிய போன வருடமா? பக்கத்துத் தோட்டத்தில் பெண் கொடுத்தவள் ஒருத்தி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால் பேச்சு இன்னும் சூடேறும். அவள் அந்தத் தோட்டத்து ரதிக்காக வாதாடுவாள். மற்றவர்கள் தங்கள் ரதியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவ, மஸ்கெலியா, தலவாக்கலை, பூண்டுலோயா, இராகலை என்று நீளும் இலங்கைத் தேயிலை மலைகளில் இந்த வாதம் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. காமன் கூத்தின் வரலாற்றை எழுத உட்காரும் எவருக்கும் கைக்கு எட்டும் முதல் ஆதாரமும் இதுதான். இந்தக் கூத்துக்கு நுழைவுச்சீட்டு இருந்ததில்லை. யார் எந்த வேடம் என்று அச்சடித்த தாளும் இருந்ததில்லை. வெள்ளைக்காரத் துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் தப்போசை வரும். அடித்தவன் பெயர் வராது. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் ஒரு மனிதனுக்கு மாதத்தில் எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலை, விழுந்தது என்ற கணக்கு இருக்கும்; மாசி மாதத்து இரவொன்றில் அவன் ரதியாக நின்று ஆயிரம் பேரை அழவைத்தான் என்பது அதில் இருக்காது. அதைக் காப்பாற்றி வைத்தவை ரசிகர்களின் நாக்கும் ஞாபகமும்தான். ஆகவே இந்த அத்தியாயத்தில் ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு இடம் உண்டோ, அவர்களை அளந்து, ஒப்பிட்டு, மறக்காமல் வைத்திருந்த பார்வையாளர்களுக்கும் அவ்வளவு இடம் உண்டு.

சென்ற அத்தியாயத்தில் கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தோட்டக் கூட்டங்களில் பாட்டைக் கொண்டு தொழிலாளரைத் திரட்டிய காலத்தைப் பார்த்தோம். அது மேடையிலிருந்து இறங்கி வந்த பாட்டு. காமன் கூத்து அதற்கு நூறு வருடம் முன்னாலேயே இந்த மலைகளை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியபோது தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் பின்னால் வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். மூட்டையில் கொண்டுவர அவர்களிடம் அதிகம் இருக்கவில்லை. கதையும் தாளமும் சுமையாகாதவை. அவை வந்து சேர்ந்தன. காவிரிப் படுகையில் காமன் பண்டிகை வேரூன்றிய பழக்கம். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையைத்தான் சிவன் காமனை எரித்த தலமாகச் சொல்கிறார்கள். அட்டவீரட்டத் தலங்களில் அது ஒன்று. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, அடுத்த இருபது வருடங்களுக்குள் மலைகள் முழுக்கத் தேயிலைக்கு மாறின. ரயில் பாதை 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியது. பயிர் மாறியது, பாதை மாறியது. மாசி பிறந்தால் காமன் ஊன்றுவது மாறவில்லை.

அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் ஒரு கம்பை நட்டு, வைக்கோல் சுற்றிக் காப்புக் கட்டுவதோடு கூத்துக் காலம் தொடங்கும். நடும் இடத்துக்குக் காமன் பொட்டல் என்று பெயர். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் தப்பு கேட்கும். ரதி, மன்மதன் வேடக்காரர்கள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் வந்து ஒவ்வொரு வாசலிலும் ஆடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் முழுக் கூத்து நடக்கும். கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. வீரபத்திரன் வந்து தக்கன் யாகத்தை அழித்தபின் சிவன் தவத்தில் அமர்ந்துவிடுகிறார். தேவர்களுக்கு அசுரனால் துன்பம். தவத்தைக் கலைக்க இந்திரன் மன்மதனை அனுப்புகிறான். ரதி கெட்ட கனவு கண்டு தடுக்கிறாள். மன்மதன் கேட்காமல் போய்க் கணை விடுகிறான், நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான். ரதியின் ஒப்பாரி. மூன்றாம் நாள் அவன் எழுப்பப்படுகிறான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

முடிவு தெரிந்த கதையை ஒவ்வொரு வருடமும் அதே கூட்டம் பார்க்க வருகிறதென்றால், அது கதையைப் பார்க்க வரவில்லை. எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்க வருகிறது. இதனால்தான் காமன் கூத்து ரசிகனுக்கு இத்தனை நுணுக்கமான கண்ணும் காதும் வாய்த்தன.

முதலில் காது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; தை, மாசி மாதங்களில் அங்கே புல்லின்மேல் உறைபனி விழும். ஹட்டன் பக்கம் அவ்வளவு கடுமையில்லை என்றாலும் இரவு மூடுபனி இறங்கிவிடும். தப்பு என்பது வட்டமான மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல். ஈரம் பட்டால் தோல் தளரும். தளர்ந்தால் குரல் இறங்கும். ஆகவே பொட்டலின் ஓரத்தில் வைக்கோலும் சுள்ளியும் போட்டு நெருப்பு மூட்டி வைத்திருப்பார்கள். இரண்டு தப்பு களத்தில் பேசும்போது இரண்டு தப்பு நெருப்பருகே காயும். காய்ச்சுபவன் தோலில் விரல் நுனியால் தட்டித் தட்டிப் பார்ப்பான். அதிகம் சூடேறினால் தோல் கிழிந்துவிடும், குறைந்தால் நாலு அடிக்குள் மறுபடி இறங்கிவிடும். வலக்கையில் தடித்த குட்டைக் குச்சி, இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி. நல்ல ரசிகன் இருட்டில் பின்னால் உட்கார்ந்தபடியே எந்தக் கட்டத்தில் தப்பு மாற்றினார்கள் என்று சொல்லிவிடுவான். ரதி, மன்மதன் ஆட்டத்துக்கு ஓர் அடி, வீரபத்திரன் வருகைக்கு வேறோர் அடி, ஒப்பாரிக்கு இன்னொன்று. ரதி அழத் தொடங்கும் நேரத்தில் தோல் சூட்டோடு நின்றதா என்பதுதான் மறுநாள் வாதத்தில் பாதி.

இந்தத் தப்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. விடிகாலையில் லயத்து மக்களை எழுப்பி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வரச் சொல்லி அடித்ததும் இதே தப்புதான். பெரட்டுத் தப்பு கேட்டபின் தாமதித்தவனுக்கு அன்றைய பேர் கிடைக்காது. வருடம் முழுக்க வேலைக்கு விரட்டிய ஓசை, மாசியில் மட்டும் வேறு அடியில், வேறு நேரத்தில், மக்கள் தாங்களே கேட்டு வாங்கிய ஓசையாகியது. தோட்டத்து மனிதர்கள் தப்பின் ஒவ்வொரு நெளிவையும் இத்தனை கூர்மையாகக் கேட்டதற்கு இதுவும் காரணமாக இருக்க வேண்டும். அவர்கள் நாளை அளந்த கருவியே அது.

அடுத்தது ரதி. வேடம் கட்டுவது ஆண். தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் வருடக்கணக்கில் பழகி, பாட்டும் அடவும் மனப்பாடமான ஒருவன், காப்புக் கட்டி விரதம் இருந்து ரதியாகிறான். அவனை எடைபோடுபவர்கள் பெண்கள். இந்த இடத்தில் ஆண் ரசிகர்களின் கருத்து இரண்டாம்பட்சம்தான். ஏனென்றால் ஒப்பாரி பெண்களின் கலை. லயத்தில் சாவு விழுந்தால் கட்டியழுது, இறந்தவரின் குணத்தையும் உறவையும் அந்த நேரத்திலேயே பாட்டாகக் கட்டுவது அவர்களுக்குக் கைவந்த வித்தை. அவர்கள் முன்னால் ஓர் ஆண் நின்று புருஷனை இழந்த பெண்ணாக அழ வேண்டும். குரல் உயரும் இடம், மூச்சு விடும் இடம், மாரில் அடித்துக்கொள்ளும் கை, தரையில் சரியும் விதம் எல்லாவற்றிலும் அவர்கள் குறை கண்டுபிடிப்பார்கள். தேறிவிட்டால் அவன் அந்த மலையில் சாகும்வரை ரதிதான். பிள்ளை பெற்றுப் பேரப்பிள்ளை கண்ட பிறகும் அவனை ரதி என்றே குறிப்பிடுவார்கள்.

நல்ல ரதி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ரசிகர்களிடையே இரண்டு மனம் உண்டு. ஒரு சாரார் கனவுக் காட்சியை உரைகல்லாக வைப்பார்கள். கணவன் இன்னும் உயிரோடு எதிரே நிற்கிறான். வரப்போவது தெரிந்தும் அவனை நிறுத்த முடியாத தவிப்பைக் காட்ட வேண்டும். அதுதான் கடினம் என்பார்கள். மற்றவர்களுக்கு ஒப்பாரிதான் எல்லாம். கனவில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் சாம்பலின் முன்னால் குரல் உடையாவிட்டால் அது ரதி இல்லை. முதல் கட்சிக்கே நியாயம் கூடுதல் என்று இந்தத் தொடர் கருதுகிறது. ஒப்பாரியில் கூட்டம் ஏற்கெனவே அழத் தயாராக இருக்கிறது. கனவுக் காட்சியில் ஆட்டக்காரன் தனியாகவே கரையேற வேண்டும்.

கூத்தைப் பற்றிய கட்சி பிரிந்த வாதம் கூத்துக்குள்ளேயே இருப்பது இந்தப் பண்டிகையின் தனிச் சிறப்பு. தஞ்சைப் பகுதியில் மராட்டியர் ஆட்சியின்போது வேரூன்றிய லாவணி, காமன் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது. டேப்பும் துந்தினாவும் ஏந்திய இரண்டு அணிகள் எதிரெதிரே உட்காரும். ஒன்று எரிந்த கட்சி. மற்றது எரியாத கட்சி. சிவனின் கண் பட்டதும் மன்மதன் எரிந்தான் என்று முதல் அணி புராணத்தை வரி வரியாக எடுத்து வைக்கும். எரிந்திருந்தால் உலகத்தில் ஆசை எப்படி மிஞ்சியது, ரதி எவனோடு வாழ்ந்தாள் என்று இரண்டாம் அணி மடக்கும். கேள்வியும் விடையும் அங்கேயே பாட்டாகக் கட்டப்படும், விடிந்தாலும் தீராது. அந்த மண்ணிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் கொழுந்து மலையில் நின்று ரதிக்கு ரதி கட்சி கட்டுவது புதிதாகப் பிறந்த பழக்கம் இல்லை.

இந்த வாதத்தை மலையகத்தில் இன்னும் கூர்மையாக்கிய காரணம் ஒன்று உண்டு. எல்லாத் தோட்டத்திலும் காமன் எரிவது ஏறக்குறைய அதே பௌர்ணமியை ஒட்டித்தான். ஓர் இரவில் ஒருவர் ஒரு பொட்டலில்தான் உட்கார முடியும். ஆகவே ஒரே வருடத்து இரண்டு ரதிகளையும் முழு இரவும் பார்த்து ஒப்பிட்ட ரசிகர் அநேகமாக இருக்க மாட்டார். பெண் எடுத்த தோட்டம், பெண் கொடுத்த தோட்டம் என்று உறவு போன வழியில் கருத்தும் போனது. ஹட்டன் டவுனில் சம்பள நாளில் சாமான் வாங்க வந்த இடத்தில், கோவில் திருவிழாவில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் இரண்டு தோட்டத்தார் சந்தித்தால் அவரவர் பார்த்ததை அவரவர் சொல்ல வேண்டும். சொல்லும் திறமையும் சேர்ந்து வளர்ந்தது. நேரில் பார்க்காத கூத்தைப் பற்றி, பார்த்தவளின் வாயைக் கொண்டே தீர்ப்புச் சொல்லும் வல்லமை மலையக ரசிகர்களிடம் இருந்தது.

உலகின் மறுகோடியில் இதே வேட்கை வேறு கருவி ஏந்திக்கொண்டு நடமாடியது. அமெரிக்காவில் 1965இல் தொடங்கி 1995வரை இயங்கிய ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற ரொக் இசைக்குழு ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தது. ஒரே பாட்டை ஓர் இரவு வாசித்ததுபோல் மறு இரவு வாசிக்காது. ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து, ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து, நாடாக்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, எந்த இரவு உயர்ந்தது என்று வாதாடினார்கள். குழுவே 1984இல் பதிவு செய்வோருக்கு அரங்கில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. 1977 மே 8இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் நடந்த கச்சேரிதான் சிறந்தது என்று பல ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். இல்லை என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அந்த இரவின் பதிவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்திருக்கிறது. ரசிகர்களின் வாதமே ஒரு கச்சேரியை நாட்டின் சொத்தாக்கிவிட்டது. லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவர்களிடம் நாடாவும் இல்லை, கருவியும் இல்லை. அவர்களுடைய பெருங்கூத்துகள் எந்த நூலகத்துக்கும் போகவில்லை. அளக்கும் கூர்மையில் அவர்கள் ஒரு மாற்றும் குறைந்தவர்கள் அல்லர்.

பிறகு அந்த ரசிகக் கூட்டமே உடைக்கப்பட்டது. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, பக்கத்து வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அண்ணன் போனான், தம்பி நின்றான். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தார்கள், மு. சிவலிங்கம் அந்தப் பெயரிலேயே ஒரு சிறுகதைத் தொகுதி வெளியிட்டிருக்கிறார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிக் கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறு பல ஊர்களுக்கும் அவர்கள் சிதறினார்கள். யுத்தம் மூண்டு 1984இல் கப்பல் நின்றது.

ஒரு கூத்துக்குழு உடைவதற்கு எல்லோரும் போக வேண்டியதில்லை. வாத்தியார் மட்டும் போனால் போதும்; ஏடும் பாட்டும் அவரோடு போகும். தப்புக்காரர் நால்வரில் இருவர் போனால் அடி இளைத்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு பார்வையாளர் போனது. முப்பது வருடத்து ரதிகளை மனத்தில் வைத்திருந்த ஒரு கிழவி கோச்சியேறிய நாளில், அந்தத் தோட்டத்துக் கூத்தின் அளவுகோலும் கூடவே போய்விட்டது. அடுத்த மாசியில் புதிதாக வேடம் கட்டிய பையனுக்கு நன்றாக இருந்தது என்று சொல்ல ஆளிருந்தது. எதைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல ஆளில்லை. 1973, 74 பஞ்சமும் தோட்டங்களை அரசு எடுத்த குழப்பமும் 1977, 1983 வன்செயல்களும் இதே வருடங்களில்தான் வந்தன. வயிற்றுக்கும் உயிருக்கும் போராடிய அந்தக் காலத்தில் பல பொட்டல்களில் காமன் ஊன்றாமல் விட்டதில் வியப்பில்லை. மறுபடி ஊன்றினார்கள் என்பதுதான் வியப்பு.

அதே எழுபதுகளில் இலங்கை வானொலி வழியாக வேறோர் இசை மலையேறியது. யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் நாடெங்கும் பரவின. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட்டிவைத்தது. கிட்டாரும் டிரம்சும் கொங்கோவும் கொண்ட இசைக்குழுக்கள் தோட்டக் கோவில் திருவிழாக்களுக்கும் வந்தன. பையன்கள் சினிமாப் பாட்டுக்கு முன்னால் நின்று ஆடினார்கள். கூத்தை இவை கொன்றுவிட்டன என்று புலம்புவது வழக்கம். அது முழு உண்மையாகத் தெரியவில்லை. திருவிழா இரவு இசைக்குழுவுக்கு, மாசி இரவு காமனுக்கு என்று மக்கள் இரண்டுக்கும் இடம் கொடுத்தார்கள். மாறியது அளக்கும் முறை. இசைக்குழுப் பாடகனிடம் ரசிகன் தேடியது றேடியோவில் கேட்ட குரலை. அப்படியே இருந்தால் கைதட்டல். ரதியிடம் அவன் தேடியது வேறு; போன வருடத்து ரதியிடம் கிடைக்காத ஏதோ ஒன்று இவளிடம் கிடைக்கிறதா என்பதுதான். ஓர் ஒலித்தட்டோடு ஒப்பிடும் காதுக்கும், உயிருள்ள இன்னோர் இரவோடு ஒப்பிடும் காதுக்கும் உள்ள தூரம் பெரிது. இரண்டாவது காதை இழந்தால் கூத்துக்காரன் நகல் எடுப்பவனாகச் சுருங்கிவிடுவான்.

இங்கே சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர் சமூகங்களிலிருந்து வந்தவர்கள். கங்காணிமார் பெரும்பாலும் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கிராமத்துப் பாகுபாடு லயத்துக்கும் வந்தது. தப்பு ஒரு சமூகத்தின் வேலையாகவே கருதப்பட்டது. அதே தப்பு சாவுக்கும் அடிக்கப்பட்டதால் அதை ஏந்தியவன் மீது தீட்டுச் சுமத்தப்பட்டது. விடிய விடியத் தப்பில் மயங்கிக் கிடந்த கூட்டம், விடிந்தபின் தப்படித்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. ரதியின் பெயர் ரசிகர் வாயில் நாற்பது வருடம் நின்றது; அவளை அழவைத்த தப்புக்காரரின் பெயர் அப்படி நிற்கவில்லை. பல வீடுகளில் படித்த பிள்ளைகள் தப்பைத் தொட மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவமானத்தோடு வந்த பரம்பரைச் சொத்தை வேண்டாம் என்று சொல்வது சுயமரியாதை. அண்மைக் காலத்தில் அதே சமூகங்களைச் சேர்ந்த இளைஞர்களும் மற்ற இளைஞர்களும் சேர்ந்து தப்பைத் தங்கள் உரிமைக் குரலாகக் கையில் எடுத்திருக்கிறார்கள். மலையகத் தமிழர் வருகையின் 200 வருடத்தை ஒட்டி 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்டில் மாத்தளையில் முடிந்த நடைபயணம், முன்னோர் நடந்த அதே திசையில் போனது. காமன் கூத்தும் அந்தப் பாதையில்தான் இந்த மலைகளுக்கு வந்தது.

எழுத்தில் பிடித்து வைத்தவர்களும் உண்டு. பூண்டுலோயா மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, லயங்களில் கேட்ட பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பாக்கினார். மாத்தளை வடிவேலன் மலையகத்துப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதிய நூலில் காமன் கூத்துக்கு உரிய இடம் இருக்கிறது. பாட்டு இப்படி ஓரளவு ஏட்டில் ஏறிவிட்டது. எந்த வருடம், எந்தப் பொட்டலில், யார் ஆடினார், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது ஏறவில்லை. கூத்தைச் சேகரிக்கப் போகிறவர்கள் வாத்தியாரைத் தேடிப் போவார்கள். ரசிகரைத் தேடிப் போவதில்லை. இதனால் நம்மிடம் பாடல் வரிகள் இருக்கின்றன, ஒப்பீடு இல்லை.

இப்போது காமன் இரவில் பொட்டலைச் சுற்றிக் கைத்தொலைபேசி வெளிச்சம். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் லீவு கேட்டு வருகிறார்கள். வர முடியாதவர்கள் வீடியோவில் பார்க்கிறார்கள். பல வருடங்களாக வாய்வழி மட்டுமே போன வாதம் இப்போது படத்தோடு போகிறது. ஒரே பௌர்ணமியில் ஆடிய இரண்டு ரதிகளை முதன்முறையாக ஒருவரே பார்த்து ஒப்பிட முடிகிறது. இது பெரிய வாய்ப்பு. ஆனால் வீடியோவில் வருவது பெரும்பாலும் வீரபத்திரனின் பாய்ச்சலும் நெருப்பும்தான். கனவுக் காட்சி நீளமானது, மெதுவானது, இருட்டானது. யாரும் அதை முழுசாக எடுப்பதில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் பார்த்தவர்களிடம்தான் போக வேண்டும்.

அவர்களில் பலருக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். கேட்கத் தெரிந்தால் சொல்வார்கள். கூத்துப் பிடித்ததா என்று கேட்டால் தலையாட்டலோடு முடிந்துவிடும். உங்கள் காலத்தில் சிறந்த ரதி யார், அவருக்குத் தப்படித்தது யார், கற்றுக் கொடுத்த வாத்தியார் எந்தத் தோட்டம், அந்த வருடம் எந்த ரதியை விட அவர் மேல் என்று கேட்டால் நிறுத்த முடியாது. வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த நாலு கேள்விகளையும் கேட்டு எழுதி அனுப்பலாம். தப்புக்காரரின் பெயரை மறக்காமல் கேளுங்கள்.

காமனுக்கு இவ்வளவு. மலையகத்தின் மற்ற இரண்டு பெருங்கூத்துகளுக்கும் இதே போல் கட்சி கட்டிய ரசிகர்கள் உண்டு. பொன்னர் சங்கர் கூத்தில் படுகளம் விழும் இரவுக்கு ஒரு கட்சி. அர்ச்சுனன் தபசில் வானுயர நட்ட மரத்தில் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறும் இரவுக்கு இன்னொரு கட்சி. ஏறியவர் எத்தனை பாட்டுக்கு மூச்சுத் தாங்கினார் என்ற கணக்கையும், அந்த மரத்தை வெட்டவும் நடவும் ஒரு தோட்டம் முழுக்கச் சேர்ந்து செய்த வேலையையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)